சுவர்க்கோழி அடியெடுத்துக் கொடுத்த ஆல்பம்

என் மகளின் இசைக்குழுவை வெளியுலகம் அறியச் செய்த பாட்டு எங்கள் மல்லாட்டைக் குடோனில் பதிவாயிற்று. மற்ற ஊர்களில் நிலக்கடலை என்பதைச் செஞ்சிப் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அந்தப் பாட்டின் தொடக்கத்தில், எந்தக் கருவியும் ஒலிக்குமுன், ஒரு பூச்சியின் குரல் வருகிறது. அதை எந்த இயந்திரத்தில் உண்டாக்கினீர்கள் என்று கேட்டு அவளுக்கு இன்னமும் செய்திகள் வருகின்றன. அவள் பதில் சொல்வதில்லை. "நீ வேணும்னா எழுதும்மா. யார் பேரும் போடாத" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஆகவே பெயர்களின்றி எழுதுகிறேன்.

பணி ஓய்வு பெறும்வரை நான் பள்ளியில் தமிழ் கற்பித்தேன். என் கணவர் மல்லாட்டை வியாபாரி. விவசாயிகளிடம் வாங்கிச் சேர்த்து எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்புகிறார். நாங்கள் தமிழ்ச் சமணர். எங்கள் வீட்டில் சூரியன் மறைந்தபின் யாரும் உண்பதில்லை. எந்த உயிரையும் அறிந்து கொல்வதில்லை. இவை யாரும் கூடிப் பேசி முடிவு செய்தவை அல்ல, சுவரும் கூரையும் போல வீட்டோடு வந்தவை. எங்கள் ஒரே மகள் இவற்றுக்குள் வளர்ந்தாள். சென்னையில் பொறியியல் படிக்கப் போன இடத்தில், கல்லூரி வாத்தியக் குழுவில் யாரும் தொடாமல் கிடந்த ஒரு ட்ராம்போனைக் கையில் எடுத்தாள். முன்னும் பின்னும் இழுத்து ஊதும் நீண்ட பித்தளைக் குழல் அது. படிப்பு முடிந்து வேலை கிடைத்த பிறகும் அவள் அதைக் கீழே வைக்கவில்லை. வேலையைத்தான் விட்டாள்.

அவளும் நண்பர்கள் நால்வரும் வாசிப்பது ஸ்கா பங்க் என்னும் இசை. ஸ்கா ஜமைக்காத் தீவில் பிறந்தது. பங்கின் வேகமும் கோபமும் பிற்பாடு வேறு நாடுகளில் அதனோடு வந்து சேர்ந்துகொண்டன. கிட்டாரும் டிரம்ஸும் பாய்ந்தோட, டிரம்பெட்டும் ட்ராம்போனும் அவற்றின் தோளில் ஏறிக் கொண்டாடும். முதன்முதலில் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. கைதட்டித் தாளம் போட முயன்றேன். கிட்டார் என் தட்டோடு சேராமல், ஒவ்வொரு முறையும் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் விழுந்தது.

"தப்பா வாசிக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. அங்கதான் வாசிக்கணும். நீ தட்டாத எடத்துல."

அப்போது புரிந்தது. கச்சேரியில் தாளம் விழுந்து அரை இடம் கழித்துப் பாட்டை எடுப்பார்கள். அந்த அரை இடத்துக்காக எத்தனையோ முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இவர்கள் அந்த அரை இடத்திலேயே குடியிருந்தார்கள்.

அவர்களுடைய முதல் ஆல்பத்தை நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்டார்கள், அதோடு நின்றது. இரண்டாவதைத் தொடங்குமுன் ஐவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இதுவும் போய்ச் சேராவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவது. டிரம்ஸ் வாசிப்பவனுக்குப் புனேயில் வேலை உறுதியாகியிருந்தது. சேரும் நாளைத் தள்ளித் தள்ளி வாங்கியிருந்தான். அவனில்லாமல் வேறொருவனை வைத்துக்கொள்வது பற்றி அவர்கள் பேசவே இல்லை. என் மகள் இதை ஒரு மாலை சாப்பிடும்போது எங்களிடம் சொன்னாள், சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்லும் குரலில். அவளுக்கு அது எவ்வளவு பெரிது என்பதை அந்தக் குரலை வைத்தே அறிந்துகொண்டேன்.

"கலைச்சுட்டு இன்னா பண்ணுவ?" என்று கேட்டார் அவள் தந்தை.

"வேலை தேடுவேன் நைனா. ட்ராம்போன பரண் மேல போட்டுடுவேன்."

"பரண் மேல போட்டா பல்லிதான் ஊதும்."

அவள் சிரித்தாள். சிரித்து முடிந்தபின் கேட்டாள்: "நைனா, குடோன் காலியாத்தானே இருக்குது?"

"இருக்குது. ஏன், லோடு ஏத்தப் போறியா?"

"பாட்டு ரெக்கார்டு பண்ணணும்."

சென்னையில் அவர்களுக்குக் கிடைத்த பதிவுக்கூடங்கள் சிறியவை. அங்கே பித்தளைக் குழல்களின் குரல் அலமாரிக்குள் ஊதியதுபோல் அடங்கிப்போயிற்று என்பது அவள் குறை. முதல் ஆல்பம் அப்படித்தான் ஆனது என்றாள். ஐவரும் ஒரே இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டும், தலைக்கு மேல் உயரம் வேண்டும். அவலூர்பேட்டை சாலையில் இருக்கும் எங்கள் குடோனில் உயரத்துக்குக் குறைவில்லை. பங்குனியில் அது வெறுமையாகக் கிடக்கும்.

என் கணவர் மோரைக் குடித்து முடித்தார். "சித்திரை அறுவடை வந்துட்டா ஒரு சாக்குகூட வெளிய வெக்க முடியாது. அதுக்குள்ள முடிச்சுக்குவியா?"

"முடிச்சுடுவோம்."

"தகரக் கூரை. வெந்துடுவீங்க."

"வேகறோம் நைனா."

மேல்சித்தாமூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் எதிரில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏன்டி, பொண்ணு கேட்டு வரவங்ககிட்ட நான் இன்னா சொல்றது? பொண்ணு பேண்டு செட்டுல இருக்குதுன்னா?"

"சொல்லு அத்தே. ஊர்வலத்துக்குத் தனியா ஆள் வெக்க வேணாம், பொண்ணே ஊதிக்கினு வந்துடும்னு சொல்லு."

நாத்தனார் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முயன்று தோற்றார்.

பங்குனி நடுவில் அவர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். கூட ஒலிப்பதிவாளர் ஒருவரும் வந்தார். நல்ல இளைஞர், எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவர். டிரம்ஸை நிறுத்தி அதில் ஒரே ஒரு அடி அடித்துப் பார்த்தார்கள். அந்த அடி கூரைக்குப் போய்த் திரும்பி, சுவருக்குப் போய்த் திரும்பி, எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"இது குடோன் இல்ல ஆன்ட்டி, கிணறு" என்றார் ஒலிப்பதிவாளர்.

மகளின் முகம் வாடிவிட்டது. அதை நான் பார்த்தேன். என் கணவரும் பார்த்தார்.

"சாக்கு கட்டித் தொங்கவிட்டா அடங்குமா தம்பி?"

"அடங்கும் அங்கிள். ஆனா நெறைய வேணும். உங்ககிட்ட சாக்கு இருக்குமா?"

மல்லாட்டை வியாபாரியிடம் கேட்கத் தகுந்த கேள்விதான். என் கணவர் ஏணியைச் சாத்திப் பரண்மேல் ஏறினார்.

எங்கள் குடோனில் ஒரு வழக்கம் உண்டு. மடித்து வைத்த சாக்கை எடுக்குமுன் உள்ளங்கையால் இருமுறை தட்டிவிட்டுச் சற்றுப் பொறுக்க வேண்டும். மடிப்புக்குள் பூச்சியோ பல்லியோ குடியிருந்தால் அது வெளியேற நேரம் கொடுப்பது. பிறகுதான் உதறுவது, தூக்குவது. மற்ற குடோன்களில் நச்சுப்புகை மாத்திரை வைத்து மூடிப் பூச்சிகளை ஒழிப்பார்கள். நாங்கள் சரக்கை வெயிலில் காயவைத்துக் காப்பாற்றுவோம். கொஞ்சம் சேதமானால் பொறுத்துக்கொள்வோம். சுமை ஏற்றி இறக்கும் ஆட்களுக்கும் இது பழகிவிட்டது. எவ்வளவு அவசரமானாலும் தட்டு, தட்டு, பொறு.

அன்று என் கணவர் தட்டவில்லை. மகள் ஏணியின் கீழே கைகளை நீட்டி நிற்க, பரணிலிருந்து அடுக்கடுக்காக எடுத்து எடுத்து இறக்கிக்கொண்டே இருந்தார். கயிறு கட்டி, நான்கு சுவர்களிலும் அவரே தொங்கவிட்டார். அந்த வயதில் அத்தனை வேகத்தை நான் அவரிடம் எதிர்பார்க்கவில்லை. மாலையில் டிரம்ஸ்காரன் மறுபடி ஓர் அடி அடித்தான். தண்ணீர் மணலில் இறங்குவதுபோல் ஒலி சாக்குக்குள் இறங்கியது. மகள் குழலை எடுத்து ஒரு நீண்ட சுரத்தை ஊதினாள். அது உயரே போய், அகன்று, அடங்கியது. அலமாரியின் கதவு திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் நாள்தோறும் வேலை நடந்தது. மின்விசிறியின் ஒலி பதிவாகிவிடும் என்பதால் அதை நிறுத்திவிட்டு வாசித்தார்கள். பேருந்து ஹாரன் அடித்தால் மறுபடியும் முதலிலிருந்து. கோட்டைப் பக்கத்துக் குரங்குகள் கூரைமேல் ஓடினால் மறுபடியும் முதலிலிருந்து. வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாடு. வயிறு நிறைந்தபின் ஊத முடியாது என்பதால் அத்துடன் அன்றைய வேலை முடியும். டிரம்ஸ்காரன் மட்டும் பொழுது சாய்ந்தபின் உலாவப் போவான்.

"சும்மா, கூட்ரோடு முக்கு வரைக்கும் ஆன்ட்டி."

"பரோட்டாவுக்கு சால்னா நெறைய ஊத்தச் சொல்லு" என்று மகள் உள்ளிருந்து காட்டிக்கொடுப்பாள். என் கணவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

நான் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு குடோனின் மூலையில் உட்கார்ந்திருப்பேன். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைக் கேட்பது எனக்குச் சலிக்கவில்லை. ஒரு செய்யுளைப் பல வகுப்புகளில் பல ஆண்டுகள் படித்துக் காட்டியவளுக்கு அது பழக்கம்தான். பாட்டுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசிப் பாட்டு ஒன்றுதான் மிச்சம்.

அந்தப் பாட்டை நம்பித்தான் ஆல்பமே இருந்தது. மற்றவை எல்லாம் எடுத்த எடுப்பில் ஓடுபவை. இது அப்படியில்லை, ட்ராம்போன் தனியாக, மிகத் தாழ்ந்த குரலில் தொடங்கும். அதனோடு கிட்டார் மெல்லச் சேரும். பிறகு ஒரே கணத்தில் ஐவரும் உடைத்துக்கொண்டு கிளம்புவார்கள். அந்தத் தாழ்ந்த தொடக்கம் என் மகள் தானே அமைத்தது. அவள் குழலை உதட்டில் வைத்தாள். குடோன் அடங்கியது. அப்போது எங்கிருந்தோ கிரிக், கிரிக் என்று வந்தது.

ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தினார். "யாரோட ஃபோன்?"

யாருடையதும் இல்லை. எல்லாரும் தலையைச் சாய்த்துக் கேட்டோம். சாக்குகளுக்குள்ளிருந்து வந்தது. சுவர்க்கோழி என்று நூல்களில் எழுதுவார்கள். எங்கள் பக்கத்தில் சில்வண்டு என்றோ, வெறுமனே பூச்சி என்றோ சொல்வார்கள். இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. பேரொலி கிளம்பியதும் வாயடைத்துப் போகும். ஆகவே மற்றப் பாட்டுகளில் யாருக்கும் தெரியவில்லை.

"ஸ்ப்ரே ஏதாவது இருக்கா ஆன்ட்டி? மருந்து அடிச்சா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும்."

நான் என் கணவரைப் பார்த்தேன்.

"இந்தக் குடோன்ல மருந்து அடிக்கறது கெடையாது தம்பி" என்றார் அவர்.

"அங்கிள், ஒரே ஒரு பூச்சி."

"அதுக்கும் ஒரே ஒரு உயிர்தான்." தணிந்த குரலில் தொடர்ந்தார். "சாக்க தட்டாம எடுத்தது நானு. தூங்கின எடத்தோட அத தூக்கிக்கினு வந்து இங்க மாட்டிட்டேன். அத இன்னா கேக்கறது?"

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. ஆண்டுக்கணக்கில் தவறாத கை, மகளுக்காக ஓடிய ஒரு நாளில் தவறியிருந்தது.

ஒலிப்பதிவாளர் என் மகளிடம் திரும்பினார். "உன் ஆல்பம். உன் இன்ட்ரோ. நீ சொல்லு."

அவள் குழலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொடக்கம் சரியாக அமையாவிட்டால் அந்தப் பாட்டு இல்லை. அந்தப் பாட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவள் தந்தையைப் பார்க்கவில்லை.

"வேணாம். புடிச்சு வெளிய விடலாம்."

ஆறு பேரும் டம்ளரும் அட்டையுமாகச் சாக்குகளிடையே தவழ்ந்தார்கள். கிட்டப் போனால் அது மௌனமாகும், விலகினால் பாடும். ஒருவழியாக ஒன்றைப் பிடித்துச் சாலைக்கு அப்பாலிருக்கும் ஏரிக்கரையில் விட்டுவந்தார்கள். திரும்பிவந்து ஷட்டரை இறக்கினால், கிரிக், கிரிக்.

"பஸ் புடிச்சு வந்துட்டான்" என்றான் டிரம்ஸ்காரன்.

தொடக்கத்தை மட்டும் சென்னையில் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்றார் ஒலிப்பதிவாளர். "ஒட்டினா ஒட்டினதுன்னு தெரியும்" என்றாள் மகள். பூச்சியோடு ஒருமுறை பதிவு செய்து, கணினியில் அதன் ஒலியை மட்டும் அழித்துப் பார்த்தார். குழலுக்குள் போகும் அவள் மூச்சின் ஓசையும் சேர்ந்து அழிந்தது. மிஞ்சியது சுத்தமாக இருந்தது, உயிரில்லாமல் இருந்தது. அவரே வேண்டாமென்று விட்டுவிட்டார்.

மாலை சாப்பிட உட்கார்ந்தபோது தொண்டூர் விவசாயிகளிடமிருந்து தொலைபேசி வந்தது. மழை வரும் என்று சொல்கிறார்கள், ஆகவே முன்னதாகவே மல்லாட்டையைப் பிடுங்கிவிட்டோம், நாளைக்கே அனுப்புகிறோம் என்றார்கள். என் கணவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு மகளிடம் திரும்பினார்.

"நாளைக்கு மத்தியானத்துக்கு மேல லோடு வருது. மழையில நனைஞ்சா மொளை விட்டுடும். அவங்கள நிக்கச் சொல்ல முடியாதும்மா."

"தெரியும் நைனா" என்றாள் மகள். அதே உப்புக் குறைவான குரல். அன்று டிரம்ஸ்காரன் உலாவப் போகவில்லை.

மறுநாள் விடிந்ததும் எல்லாரும் குடோனுக்குப் போனோம். பூச்சி பாடிக்கொண்டிருந்தது. டிரம்ஸ்காரன் குப்புறக் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து, விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டே அதைக் கேட்டான்.

"ஆன்ட்டி, இது நேத்து மத்தியானம் ஃபாஸ்டாதானே கத்துச்சு? இப்ப தூங்கி வழியுது."

அதைப் பற்றி எப்போதோ படித்திருந்தேன். "வெயில் ஏற ஏற வேகமா கத்தும்பா. அதுக்குன்னு தனியா உடம்புச் சூடு கெடையாது. காத்து சூடானாதான் அதுக்கும் சுறுசுறுப்பு. ரெக்கையோட ரெக்கைய தேய்க்குதே, அந்தச் சத்தம்தான் இது."

அவன் விரல் நின்றது. என் மகளைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குள் என்ன போயிற்று என்பது எனக்குச் சற்றுப் பிந்தித்தான் விளங்கியது.

"நம்ம பாட்டு ஸ்பீடு வரைக்கும் ஏறுமா?" என்றான்.

"தகரக் கூரை. ஏறாம இருக்குமா?" என்றார் என் கணவர்.

பிறகு நடந்தது ஒரு காத்திருத்தல். மைக்குகளை வைத்தார்கள். அவரவர் கருவியோடு அவரவர் இடத்தில் அமர்ந்தார்கள். ஷட்டர் இறங்கியது; கூரையின் ஆணித் துளைகள் வழியே மட்டும் வெயில் நூல் நூலாக இறங்கியது. தகரம் சூடேறி அவ்வப்போது முனகியது. வியர்வை அவர்கள் கன்னத்தில் வழிவதும், துடைக்காமல் இருப்பதும் தெரிந்தது. பூச்சி மெல்ல மெல்ல விரைந்தது. ஒரு குரலுக்கும் அடுத்ததற்கும் இடையிலிருந்த வெளி, வாய்க்கால் நீர் வற்றுவதுபோல் கண்ணுக்குத் தெரியாமல் குறுகிவந்தது. ஒரு காலைப்பொழுது வளர்வதைக் காதால் கேட்டது எனக்கு அதுவே முதல் முறை. வெளியே கோட்டை மலையின் பாறையும் அதே வெயிலில்தான் காய்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

ஓரிடத்தில் டிரம்ஸ்காரன் கையை உயர்த்தினான். ஒலிப்பதிவாளர் தலையசைத்தார்.

பூச்சி தனியாகப் பாடியது. என் மகள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. தாழ்ந்த முதல் சுரம் அந்த இருட்டில் பரவியது. குழலோசை எழுந்ததும் அது நின்றுவிடும் என்று அஞ்சினேன். நிற்கவில்லை. அவள் அத்தனை மென்மையாக ஊதினாள். பிறகு கிட்டார் சேர்ந்தது, பூச்சியின் இரண்டு குரல்களுக்கு நடுவில், சரியாக அந்த அரை இடத்தில். தாளம் போடுவது பூச்சி, எதிரிடத்தில் விழுவது மனிதக் கை. என் மகள் எத்தனையோ முறை விளக்கியும் என் காதுக்குள் முழுதாக இறங்காத ஒன்று அப்போது இறங்கியது. டிரம்ஸ்காரன் குச்சிகளைத் தூக்கினான். தன் வேகத்தைப் பூச்சியிடமிருந்து வாங்கிக்கொண்டான். ஐவரும் உடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். குடோன் அதிர்ந்தது. சாக்குகள் நடுங்குவதைப் பார்த்தேன்.

பாட்டு முடிந்தது. கடைசிச் சுரம் சாக்குகளில் இறங்கி மறைந்தபின்னும் யாரும் அசையவில்லை. ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்தவில்லை. நெடுநேரம் என்று தோன்றிய ஓர் இடைவெளிக்குப் பிறகு, கிரிக் என்றது. மறுபடியும் கிரிக்.

"கட்" என்றார் அவர். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

இறைவன் அடியெடுத்துக் கொடுக்கப் புலவர் பாடத் தொடங்கியதாக எத்தனையோ வகுப்புகளில் பாடம் நடத்தியிருக்கிறேன். கதையென்று எண்ணித்தான் நடத்தினேன். எடுத்துக் கொடுப்பது எதுவாக இருந்தாலும், அது தொடங்கும்வரை ஒருவர் அசையாமல் காத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கதையின் கடினமான பகுதி என்று அந்த வெக்கையில் உட்கார்ந்தபடி தோன்றியது.

பிற்பகலில் லாரி வந்து நின்றது. மேற்கே வானம் கறுத்திருந்தது. தொங்கவிட்ட சாக்குகளை அவிழ்க்க வேண்டும். என் கணவர் முதல் சாக்கின் அருகில் போய் இருமுறை தட்டினார். கையைக் கீழே விட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணே, மழை வந்துடும்" என்றார் லாரியிலிருந்தவர்.

"வரட்டும். இரு."

ஒவ்வொரு சாக்குக்கும் அப்படியே. மகள் அடுத்த சுவரில் அதையே செய்துகொண்டு வந்தாள். எதுவும் வெளியேறியதை நான் பார்க்கவில்லை. தூறல் தொடங்குவதற்குள் கடைசி மூட்டை உள்ளே வந்துவிட்டது.

ஆல்பம் வெளியானது. சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. மகள் தொலைபேசியில் வேறு எதையெல்லாமோ பேசினாள். டிரம்ஸ்காரன் புனேக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டான் என்பதை அவளிடமிருந்து நான் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. பிறகு யாரோ அந்தப் பாட்டின் தொடக்கத்தை மட்டும் வெட்டித் தம் வீடியோ ஒன்றுக்கு வைத்தார்கள். அதைப் பார்த்து இன்னும் பலர் வைத்தார்கள். தொடக்கத்தைக் கேட்டவர்கள் பாட்டைத் தேடி வந்தார்கள். பாட்டைக் கேட்டவர்கள் ஆல்பம் முழுவதையும் கேட்டார்கள். அறியாத மொழிகளிலிருந்தெல்லாம் எழுதினார்கள். செஞ்சியில் மருந்து வாங்க நின்றபோது, பக்கத்து மொபைல் கடையிலிருந்து எங்கள் குடோனின் பூச்சி கத்தியது. கையில் மருந்துச் சீட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். மேல்சித்தாமூரிலிருந்து நாத்தனார் கூப்பிட்டார்: "அந்தப் பூச்சி பாட்ட ஃபோன்ல எப்படி ரிங்டோனா வெக்கறது? இங்க ஒருத்தருக்கும் தெரியல."

ரயில் டிக்கெட்டின் நாள் நெருங்கியிருந்தபோது சென்னையில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சிக்கு அவர்களை அழைத்தார்கள். அவர்கள் அதுவரை கண்டிராத அளவு பெரிய மேடை. அதை வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று டிரம்ஸ்காரன் சொல்லியிருந்தான். நாங்கள் இருவரும் போனோம். சூரியன் இறங்குமுன் காரிலேயே தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தோம். இளைஞர் கூட்டத்தில் எங்களுக்கு இரண்டு நாற்காலி தேடிக் கொடுத்தார்கள்.

அவர்கள் அந்தப் பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். பதிவான பூச்சியின் குரலை மேடையில் ஒலிக்கவிடுவதில்லை என்று மகள் முன்பே எங்களிடம் சொல்லியிருந்தாள். "அத அடைச்சு எடுத்துக்கினு போய் போடறதா நைனா? அதுக்கு உண்டான நேரத்த சும்மா விட்டுடுவோம்." அப்படியே விட்டார்கள். விளக்குகள் தணிந்தன. அவள் குழலை உதட்டருகே வைத்துக்கொண்டு நின்றாள். அத்தனை பெரிய கூட்டத்தில் அத்தனை அமைதி இருக்க முடியும் என்று நான் எண்ணியதில்லை.

எங்களுக்குப் பின்னால் எங்கோ ஒருவர் நாவால் கிரிக் என்றார். வேறெங்கோ இன்னொருவர். பிறகு வரிசை வரிசையாக, திடல் முழுவதும், நாவுகள் அந்தப் பூச்சியாயின. முதலில் மெதுவாக, ஒழுங்கில்லாமல். பிறகு ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து, வெயில் ஏறுவதுபோல் விரைந்து. யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. டிரம்ஸ்காரன் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டான், குடோனில் பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டது போலவே. பக்கத்தில் பார்த்தேன். என் கணவரின் உள்ளங்கை முழங்காலில் இருமுறை தட்டிவிட்டு நின்றது. பொறுத்திருந்தார். மேடையில் என் மகள் மூச்சை இழுத்தாள்.

எல்லாம் முடிந்து மேடைக்குப் பின்புறம் போனபோது அவள் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் டிரம்ஸ்காரன் முன்னால் வந்தான். சட்டை முழுதும் நனைந்திருந்தது.

"அங்கிள், டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். புனேக்கு வரலன்னு மெயில் போட்டுட்டேன்."

மகள் துடைப்பதை நிறுத்தினாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரிகிறது என்பதை அவள் கை சொல்லிற்று.

என் கணவர் அவன் தோளில் கை வைத்தார். "சாப்டியா?"

"இன்னும் இல்ல அங்கிள்."

"போய் பரோட்டா சாப்டு. சால்னா நெறைய ஊத்தச் சொல்லு."